உண்ணி நாயின் உடலில் மட்டும் இல்லை

வீட்டு நாய்க்கு உண்ணி பிடிப்பது எமது நாட்டில் எவரையும் வியப்பில் ஆழ்த்தும் செய்தியன்று. காதின் உட்புறத்திலும், கால் விரல்களின் இடுக்கிலும், கழுத்துப் பட்டிக்குக் கீழும் ஆமணக்கங்கொட்டை போன்று வீங்கித் தொங்கும் உண்ணிகளைக் காணாத நாய் வளர்ப்போர் இல்லை என்றே கூறலாம். அன்றாடம் காணும் விடயம் என்பதனாலேயே அது உரிய கவனத்தைப் பெறுவதில்லை. பலர் அதனைக் கண்டும் காணாது விட்டுவிடுகின்றனர். பொறுமை இழந்த வேறு சிலரோ மண்ணெண்ணெயையும், வயலுக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியையும் நாயின் மீது ஊற்றுகின்றனர். எதுவும் பலனளிக்காதபோது, இருளில் நாயை ஏற்றிச் சென்று சந்தையடியிலோ கோயில் வாசலிலோ இறக்கிவிட்டு வருவோரும் உள்ளனர்.

இம்மூன்று தவறுகளுக்கும் அடிப்படை ஒன்றே. உண்ணி என்பது நாயின் உடலில் உண்டாகும் ஒரு தொல்லை என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். உண்மையில் நாய் உண்ணியின் உணவுச் சாலை மட்டுமே. அதன் வசிப்பிடம் எமது வீட்டுச் சுவரும், நாய்க்கூட்டின் பலகை இடுக்கும், முற்றத்துப் புல்லும் ஆகும். இதனை விளங்கிக் கொள்ளாத வரையில் எந்த மருந்தும் நிலையான பலனைத் தரப்போவதில்லை.

உண்ணியின் வாழ்க்கை

வெப்பவலய நாடுகள் எங்கும் நாய்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது கபில நிற நாயுண்ணியாகும். இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. முட்டை, ஆறு கால்களைக் கொண்ட குடம்பி, எட்டுக் கால்களைக் கொண்ட இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என அதன் வாழ்க்கை நான்கு பருவங்களைக் கொண்டது. முட்டையிலிருந்து வெளிவந்த பின்னர் ஒவ்வொரு பருவத்திலும் அது ஒரு தடவை இரத்தம் குடித்தாக வேண்டும். குடம்பி சில நாட்கள் நாயில் ஒட்டியிருந்து இரத்தம் குடித்துவிட்டு நிலத்தில் விழுகின்றது. எங்கேனும் ஓர் இடுக்கில் ஒளிந்து தோலுரித்து இளம் உண்ணியாகின்றது. மீண்டும் நாயில் ஏறுகின்றது, மீண்டும் விழுகின்றது. முதிர்ந்த பெண் உண்ணி ஏறத்தாழ ஒரு வாரம் இரத்தம் குடித்து, பல மடங்கு பருத்து, இறுதியாக விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டைகளை இட்டுவிட்டு இறந்து விடுகின்றது.

ஆக, உண்ணி தன் வாழ்நாளில் மூன்று தடவைகள் நாயை விட்டு இறங்குகின்றது. நாயின் உடலில் அது கழிப்பது சில வாரங்கள் மட்டுமே. எஞ்சிய காலம் முழுவதும் அது சூழலிலேயே உள்ளது. நாம் நாயில் காண்பது ஒரு சிறு பகுதியையே. கண்ணுக்குப் புலப்படாத பெரும்பகுதி சுவர் வெடிப்பிலும், யன்னல் நிலையின் பின்புறத்திலும், கதிரையின் அடியிலும், கூரை விளிம்பிலும் காத்திருக்கின்றது. மேல் நோக்கி ஏறுவது இவ்வுண்ணியின் இயல்பாகும். சுவரில் வரிசையாக ஊர்ந்து செல்லும் சிறு உண்ணிகளைப் பலர் கண்டிருப்பர். ஏனைய உண்ணிகளைப் போலன்றி, வெளியே புல்லோ பற்றையோ இல்லாத போதும் வீட்டினுள்ளேயே முழு வாழ்க்கையையும் நடத்தும் ஆற்றல் இதற்கு உண்டு.

சூடான சூழலில் முட்டை முதல் முட்டை வரையிலான சுற்று ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நிறைவடைந்து விடுகின்றது. அதேவேளை முதிர்ந்த உண்ணியானது இரத்தமே இன்றி ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழக் கூடியது. நாயை அப்புறப்படுத்தி விட்டால் உண்ணி ஒழிந்து விடும் என்று நம்புவோர் இதனை மனதிற் கொள்ளுதல் வேண்டும். நாய் போன பின்னரும் உண்ணி அவ்வீட்டிலேயே இருக்கும். கடும் குளிர்காலம் உள்ள நாடுகளில் கிடைக்கும் ஓய்வும் எமக்கு இல்லை. இலங்கையில் இது ஆண்டு முழுவதும் நீடிக்கும் பிரச்சினையாகும்.

நாய்க்கு நேரும் கேடு

உண்ணி இரத்தத்தைக் குடிப்பதுடன் நின்றுவிடுவதில்லை. அது நோய்க்கிருமிகளையும் நாயின் இரத்தத்தினுள் செலுத்துகின்றது. இவற்றுள் இரண்டு முக்கியமானவை.

முதலாவது பபேசியா என்னும் ஒட்டுண்ணியால் ஏற்படும் காய்ச்சல். இது செங்குருதிக் கலங்களினுள் புகுந்து அவற்றை அழிக்கின்றது. இலங்கை நாய்களில் பரவலாகக் காணப்படும் பபேசியா கிப்சோனி என்னும் வகை, 1910ஆம் ஆண்டு சென்னையில் வேட்டைக் குழு ஒன்றின் நாய்களில் கண்டறியப்பட்டு, பின்னர் நரியிலும் காணப்பட்டதாகும். காய்ச்சல், உணவில் நாட்டமின்மை, சோர்வு, முரசு வெளிறுதல், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கருமையாதல், செங்கண்மாரி என்பன அதன் அறிகுறிகள். உரிய சிகிச்சையால் நாய் தேறினாலும் கிருமி உடலை விட்டு முற்றாக நீங்குவது அரிது. பிறிதொரு நோயோ பலவீனமோ ஏற்படும் போது மீண்டும் தலைதூக்கும்.

இரண்டாவது எர்லிக்கியா என்னும் பற்றீரியா. 1935ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் முதலில் அறியப்பட்ட இந்நோய், வியட்நாம் யுத்த காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க இராணுவ நாய்களைப் பலிகொண்டதன் பின்னரே உலகின் கவனத்தை ஈர்த்தது. இது வெண்குருதிக் கலங்களைத் தாக்குவதுடன் குருதிச் சிறுதட்டுக்களையும் குறைத்து விடுகின்றது. மூக்கால் இரத்தம் வடிதல், வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள் தோன்றுதல், உடல் மெலிதல் என்பன காணப்படலாம். தொடக்க நிலையில் டொக்சிசைக்கிளின் மருந்தால் பெரும்பாலும் குணமாக்கக் கூடிய இந்நோய், பல மாதங்கள் கவனிக்கப்படாது விடப்பட்டால் எலும்பு மச்சையைப் பாதித்து மரணத்தில் முடிவடைகின்றது.

பபேசியா தொற்றுவதற்கு உண்ணி பொதுவாக இரண்டு, மூன்று நாட்களேனும் ஒட்டியிருத்தல் வேண்டும். எர்லிக்கியாவோ சில மணி நேரத்திலேயே தொற்றக் கூடியது. ஆகவே நாள்தோறும் உண்ணிகளைத் தேடி அகற்றுவது மிகுந்த பயன் தருமாயினும், அதுவே போதுமானதன்று. உண்ணி கடிப்பதற்கு முன்னரே தடுப்பது அவசியமாகின்றது. உண்ணி கண்ட நாய் ஒரு நாள் உண்ண மறுத்தால் அதன் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறியிருப்பின், மறுநாள் வரை காத்திராது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

மனிதருக்கு ஆபத்து உண்டா?

கபில நிற நாயுண்ணி நாயின் இரத்தத்தையே பெரிதும் விரும்புகின்றது. எனினும் அதன் எண்ணிக்கை பெருகும்போதும், நாய் இல்லாதபோதும் மனிதரையும் கடிக்கும். நிலத்தில் தவழும் குழந்தைகளும், நாயுடன் விளையாடும் சிறுவர்களுமே இதற்கு முதலில் இலக்காகின்றனர்.

இலங்கையின் மலைநாட்டில் உண்ணிகளால் பரவும் ரிக்கெற்சியாக் காய்ச்சல் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். கடும் காய்ச்சல், தலையிடி, மூட்டு நோவு ஆகியவற்றுடன் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும் செம்புள்ளிகள் தோன்றலாம். தொடக்கத்தில் இதனை டெங்குக் காய்ச்சலில் இருந்து பிரித்தறிவது எளிதன்று. பென்சிலின் போன்ற வழமையான மருந்துகளுக்கு இது கட்டுப்படுவதில்லை, டொக்சிசைக்கிளினுக்குக் கட்டுப்படுகின்றது. ஆகையால் காய்ச்சலுடன் வைத்தியரிடம் செல்பவர், உண்ணி கடித்திருப்பின் அதனைக் கேளாமலே கூறுதல் வேண்டும். இந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கக் கூடும்.

இவ்விடத்தில் இரண்டு மயக்கங்களைத் தெளிவுபடுத்துதல் பொருத்தமாகும். வடக்கிலும் ஏனைய தாழ்நிலப் பகுதிகளிலும் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பேசப்படும் பற்றைக் காய்ச்சல், நாயுண்ணியால் வருவதன்று. பற்றைகளில் வாழும், கண்ணுக்கு எளிதில் தென்படாத மிகச் சிறிய சிற்றுண்ணிகளின் குடம்பிகளே அதனைப் பரப்புகின்றன. அவ்வாறே காதினுள் உண்ணி புகுந்து வைத்தியசாலைக்கு வருவோரிடம் பெரும்பாலும் காணப்படுவது காட்டுப் பன்றி முதலான வனவிலங்குகளைச் சார்ந்த வேறு இன உண்ணியின் இளம் பருவமாகும். அவற்றுக்காக வீட்டு நாயைத் தண்டிப்பது நியாயமன்று. காதினுள் உண்ணி புகுந்தால் ஈர்க்கால் குத்துவதையும், கண்டதை ஊற்றுவதையும் தவிர்த்து உடனடியாக வைத்தியசாலையை நாட வேண்டும்.

செய்யக் கூடாதவை

உண்ணியை விட உண்ணிக்குச் செய்யப்படும் கைவைத்தியமே சில வேளைகளில் நாயைக் கொன்று விடுகின்றது. மண்ணெண்ணெய் நாயின் தோலை எரித்துப் புண்ணாக்கும். நாய் தன் உடலை நக்கும்போது அது வயிற்றினுள்ளும் நுரையீரலினுள்ளும் செல்லும். பயிர்களுக்கான பூச்சிகொல்லிகள் விலங்கின் உடலுக்கென ஆக்கப்பட்டவை அல்ல. வாயில் நுரை தள்ளுதல், உடல் நடுங்குதல், சிறுநீர் கட்டுப்பாடின்றிக் கழிதல் என்பன அவற்றால் ஏற்படும் நஞ்சூட்டலின் அறிகுறிகள். அந்த நாயைத் தடவும் குழந்தையின் கையிலும் அதே நஞ்சே படுகின்றது. அந்துருண்டையைப் பொடியாக்கித் தூவுவதும் நஞ்சேயாகும்.

மாடுகளுக்கு ஏற்றப்படும் ஐவர்மெக்டின் மருந்தை அயலாரின் ஆலோசனைப்படி நாய்க்குக் கொடுப்பதும் ஆபத்தானது. கோலி போன்ற சில இன நாய்களில் அது மூளையைத் தாக்கி மரணத்தை விளைவிக்கக் கூடும். வேப்பெண்ணெய், மஞ்சள் ஆகியவற்றை எமது பெரியோர் பயன்படுத்தி வந்துள்ளனர். அவை தோலுக்கு ஓரளவு இதம் அளிக்கலாம். ஆயினும் பெருகிவிட்ட உண்ணியை ஒழிப்பதற்கு அவற்றை மட்டும் நம்பியிருத்தல் காலத்தை வீணாக்குவதாகும்.

நாயின் உடலில் ஒட்டியுள்ள உண்ணியைத் தீக்குச்சியால் சுடுவதும், அதன் மீது வசிலினோ எண்ணெயோ பூசுவதும் வேண்டாம். அவ்வாறு தொல்லைக்குள்ளாகும் உண்ணி தன் உமிழ்நீரை மேலும் கடிவாயினுள் செலுத்தக் கூடும். சரியான முறை மிக எளியது. கையுறை அணிந்து, நுனி கூரிய சாமணத்தால் தோலை ஒட்டிய இடத்தில் உண்ணியின் வாய்ப்பகுதியைப் பற்றி, முறுக்காமல், ஒரே சீராக நேரே மேல் நோக்கி இழுக்க வேண்டும். கழற்றிய உண்ணியை நகத்தால் நசுக்கலாகாது. அதன் உள்ளிருக்கும் இரத்தத்தில் கிருமிகள் இருக்கலாம். ஸ்பிரிட் ஊற்றிய போத்தலில் இட்டு மூடிவிட வேண்டும். பின்னர் கடிபட்ட இடத்தையும் கைகளையும் சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும்.

மருந்துகள்

இன்று கிடைக்கும் மருந்துகள் முன்னைய காலத்தை விடப் பயனுள்ளவை. கழுத்தின் பின்புறத் தோலில் இடப்படும் பிப்ரோனில் போன்ற துளி மருந்துகள், மாதக் கணக்கில் செயற்படும் மருந்தூட்டிய கழுத்துப் பட்டிகள், நீரில் கரைத்துக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் என்பன பழக்கத்தில் உள்ளன. கடந்த பத்தாண்டு காலத்தில் பெரிதும் பரவியவை ஐசொக்சசோலின் வகையைச் சேர்ந்த வாய்வழி மாத்திரைகளாகும். இவற்றுட் சில ஒரு மாதமும் சில ஏறத்தாழ மூன்று மாதங்களும் பலன் தருகின்றன. எனினும் இவ்வகை மருந்துகளால் சில நாய்களில் நடுக்கமும் வலிப்பும் ஏற்படலாம் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டு எச்சரித்தது. வலிப்பு நோயுள்ள நாயாயின் அதனை வைத்தியரிடம் முன்னரே கூறுதல் அவசியம்.

நாயின் நிறையும் வயதும் அறியாது எந்த மருந்தையும் கொடுக்கலாகாது. பெரிய நாய்க்கான மாத்திரையைத் துண்டாக்கிக் குட்டிகளுக்குப் பங்கிடுவது தவறு. குறிப்பாக, பேர்மெத்ரின் கலந்த நாய் மருந்துகள் பூனைகளுக்குக் கொடிய நஞ்சாகும். நாயும் பூனையும் ஒன்றாக வாழும் வீடுகளிலும், பூனை வளர்க்கும் அயல் வீடுகளிலும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மருந்துகளின் விலை பல குடும்பங்களுக்குச் சுமையாகியுள்ளதை நாம் அறிவோம். இத்தகையோர் விலை உயர்ந்த மருந்தை ஒரு தடவை வாங்கிவிட்டு நிறுத்துவதை விட, தமக்குக் கட்டுப்படியாகும் முறை எதுவெனப் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறிந்து, அதனை இடைவிடாது தொடர்வதே மேலானது.

வீட்டிலிருந்து தொடங்குதல்

நாய்க்கு மருந்திடும் அதே நாளில் வீட்டையும் துப்புரவு செய்தல் வேண்டும். நாய் படுக்கும் சாக்கையும் துணியையும் கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். பழைய சாக்காயின் எரித்துவிடலாம். நாய்க்கூட்டைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, தரையிலிருந்து உயர்த்தி, வெயில் படும் இடத்தில் வைப்பது நல்லது. சுவர் வெடிப்புகளையும் தரையின் பிளவுகளையும் சீமெந்தால் அடைக்க வேண்டும். யன்னல் நிலைகள், படங்களின் பின்புறம், கட்டிலின் பொருத்துக்கள் ஆகியவற்றைக் கிழமைக்கு ஒரு தடவையேனும் தும்புத்தடியால் நன்கு தட்டிக் கூட்டுதல் வேண்டும். கூட்டிய குப்பையை வளவின் மூலையில் கொட்டாது எரித்தல் அல்லது கொதிநீர் ஊற்றுதல் அவசியம். முற்றத்துப் புல்லைக் குறுகலாக வெட்டி, வேலியோரச் சருகுகளை அகற்ற வேண்டும். தொல்லை மிகுதியாக இருப்பின், வீட்டுப் பாவனைக்கென அனுமதிக்கப்பட்ட பூச்சிகொல்லியை அதன் அறிவுறுத்தலின்படி வெடிப்புகளில் தெளிக்கலாம். அது உலரும் வரை குழந்தைகளும் விலங்குகளும் அங்கு செல்லலாகாது.

முதற் கிழமையில் உண்ணி குறைந்துவிட்டதெனக் கண்டு பணியை நிறுத்துவோரே மிகுதி. அப்போது முட்டைகள் பொரித்திரா. ஒளிந்திருக்கும் இளம் உண்ணிகள் நாயைத் தேடி வரத் தொடங்கியிரா. ஆகவே ஒரு முழுச் சுற்றையும் தாண்டி, குறைந்தது மூன்று மாதங்களேனும் மருந்தும் துப்புரவும் தொடர வேண்டும். ஒரே வீட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை அளிக்கப்படுதல் வேண்டும். ஒரு நாயை விட்டுவிடின் மற்றையவற்றுக்குச் செய்தது வீணே.

வேலிக்கு அப்பால்

நாய் தொடர்பில் இந்நாட்டுத் தமிழ், முஸ்லிம் மக்களின் வழக்கங்கள் வேறுபடுகின்றன. தமிழர் வீடுகளில் நாய் முற்றத்துக்கு உரிய பிராணி. பைரவரின் வாகனமாகவும் போற்றப்படுகின்றது. முஸ்லிம்களில் பெரும்பாலோர் மார்க்க நெறி காரணமாக நாயை வீட்டினுள் வளர்ப்பதில்லை. ஆயினும் கால்நடைகளுக்கும் விளைநிலத்துக்கும் காவலாக நாய் வைத்திருப்பதற்கு மார்க்கம் இடமளிக்கின்றது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாகக் கூறும் நபிமொழியும் யாவரும் அறிந்ததே. உண்ணியோ இவ்வேறுபாடுகளை அறியாதது. ஒரு வீட்டு நாயில் பெருகும் உண்ணி மதிலேறி மறுவீட்டுக்கும் செல்லும். நாயே வளர்க்காத அயலவர் தமது சுவரில் உண்ணியைக் காண்பது நாய் வளர்ப்பவரின் கவனயீனத்தாலேயாகும். நாய் வளர்ப்பவர் தம் நாயை உண்ணியின்றி வைத்திருப்பது அயலவருக்குச் செய்யும் கடமையுமாகும்.

இது கூட்டாகச் செய்யப்பட வேண்டிய பணி என்பதற்குச் சான்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில், இதே கபில நிற நாயுண்ணியால் பரவிய கொடிய ரிக்கெற்சியாக் காய்ச்சல் உயிர்களைப் பலிகொண்டு வந்தது. 2012ஆம் ஆண்டு அங்குள்ள ஒரு சமூகத்தில் ஏறத்தாழ ஐந்நூறு வீடுகளில், நாய்கள் அனைத்துக்கும் மருந்தூட்டிய கழுத்துப் பட்டி அணிவிக்கப்பட்டு, வளவுகளுக்கும் ஒரே காலத்தில் மருந்து தெளிக்கப்பட்டது. ஒரு மாதத்தின் பின்னர் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான நாய்களிலேயே உண்ணி காணப்பட்டது. தனித்தனியே செய்து தோல்வி கண்டதை ஒன்றுசேர்ந்து செய்து வெற்றி கண்டனர்.

எமது நாட்டில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006ஆம் ஆண்டு முதல் கைக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. அதற்குப் பதிலாகக் கருத்தடையும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் முன்னெடுக்கப்பட்டன. தடுப்பூசி முகாமுக்கு நாய் கொண்டுவரப்படும் அந்த வேளையிலேயே உண்ணி மருந்தும் சேர்த்து வழங்கப்படுமாயின், மேலதிகச் செலவு சிறிதாகவும் பயன் பெரிதாகவும் இருக்கும். உள்ளூராட்சி மன்றங்களும், பிரதேச கால்நடை வைத்திய அதிகாரிகளும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இணைந்து ஒரு கிராமத்திலேனும் இதனைச் சோதித்துப் பார்க்க முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும். கோயில் நிருவாகங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஒரே நாளில் ஒரு சிரமதானத்தை ஒழுங்கு செய்தால், ஊர் முழுவதும் ஒன்றாகத் துப்புரவாகும்.

உண்ணி மொய்த்த நாயைத் தெருவில் விடுவதால் உண்ணி எம்மை விட்டு நீங்குவதில்லை. அந்நாய் இன்னொரு தெருவுக்கு அதனைக் கொண்டு செல்கின்றது. எமது சுவரில் இருப்பவையோ அங்கேயே இருக்கின்றன. எம்மை நம்பி வாசலில் படுத்திருக்கும் ஒரு வாயில்லாப் பிராணியைக் கைவிடுவதற்கு உண்ணி ஒரு நியாயமாகி விட முடியாது. ஒரு சாமணமும், ஒரு தும்புத்தடியும், வைத்தியரின் ஆலோசனையும், மூன்று மாதப் பொறுமையும் இருப்பின் இத்தொல்லையைக் கட்டுக்குள் கொண்டு வரலாம். நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டும் கை, ஒரு தடவை சுவரின் வெடிப்பையும் தடவிப் பார்க்கட்டும். பணி அங்கிருந்தே ஆரம்பமாக வேண்டும்.